கசங்காத சட்டையும் காலை ஏழு மணி வார்டும்

அடுத்த மாதம் மருத்துவம் படிக்கும் என் தங்கைக்கு வார்டு போஸ்டிங் தொடங்குகிறது. இதுவரை வகுப்பறையிலும் உடற்கூற்றுக் கூடத்திலும் இருந்தவள், முதன்முறையாக நோயாளிகளின் கட்டிலருகே நிற்கப் போகிறாள். நேற்றிரவு தொலைபேசியில் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த மாதிரி உடை வாங்குவது? தினமும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது." பதில் சொல்லத் தொடங்கி ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். அப்போதும் பாதி விட்டுப்போனது. அவளைப் போல இந்த ஆண்டு வார்டுக்குள் கால்வைக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பழகாத கைக்கு ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் ஒழுங்காகத் தேய்க்கக் கால் மணி நேரம் ஆகும். ஆறு நாளுக்கு ஒன்றரை மணி நேரம். மூத்த மருத்துவர்கள் மாணவர்களோடு நோயாளிகளைப் பார்த்துவரும் ரவுண்ட்ஸ் ஏழு மணிக்கு என்றால், தன் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளை அதற்கு முன்பே பார்த்து, இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்டு, பரிசோதனை முடிவுகளைக் குறித்துவைக்க வேண்டும். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. மருத்துவம் படிக்கிறவர்களின் தூக்கத்திலிருந்து இனி எதையும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் வார்டுக்குப் போன முதல் மாதத்தில் என்னிடம் நான்கு சட்டைகள் இருந்தன. நான்கும் வெளிர்நிறத் தூய பருத்தி. நள்ளிரவில் படித்து முடித்தபின் ஒன்றைத் தேய்த்து மாட்டிவைப்பேன். காலையில் அணியும்போது மடிப்புக் கலையாமல் இருக்கும். புத்தகப் பையின் பட்டை தோளில் அழுந்தி, பஸ்ஸில் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து, வார்டுக்குள் நுழையும்போது முதுகெங்கும் வரிகள் விழுந்திருக்கும். ஒரு நாள் ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னை நிறுத்தி, "தன் சட்டையையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டார். அந்தச் சட்டையை இரவு பன்னிரண்டரை மணிக்கு நான் தேய்த்திருந்தேன். அதைச் சொல்ல நா எழவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி நியாயமற்றது என்றே நினைக்கிறேன். கசங்கிய உடை பெரும்பாலும் துணியின் குணத்தைத்தான் காட்டுகிறது. அதை அணிந்தவரின் குணத்தைக் காட்டுவதில்லை.

அந்தத் திட்டு என்னை மாற்றவில்லை. சில நாட்கள் கழித்து மூச்சுத்திணறலோடு சேர்ந்திருந்த ஒரு மூதாட்டிதான் மாற்றினார். ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு என் சட்டையைப் பார்த்தார். "ராத்திரி இங்கேயேதான் இருந்தாயா அம்மா? தூங்கவே இல்லையா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டு வாக்கியம் பேசவே திணறிக்கொண்டிருந்தவர், அந்த மூச்சை என் மீதான கவலைக்காகச் செலவழித்தார். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நோயாளியின் கண் என் உடையில் தங்கவே கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வோம் என்று அன்றுதான் தோன்றியது.

முதலில் செய்தது, துணி ஏன் கசங்குகிறது என்று படித்தது. பருத்தி இழை ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரம் பட்டதும் அந்தப் பிணைப்புகள் அவிழ்கின்றன, சங்கிலிகள் நகர்கின்றன, உலரும்போது, எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடியும் பிணைந்துகொள்கின்றன. இஸ்திரி போடும்போது நாம் செய்வது இதைத்தான்: ஈரம், சூடு, அழுத்தம் மூன்றையும் சேர்த்துத் துணியைத் தட்டையாகப் பிணைய வைக்கிறோம். இப்போது உடலை நினைத்துப் பாருங்கள். வியர்வை ஈரம் தருகிறது. உடல் சூடு தருகிறது. நாற்காலி முதுகும் பைப் பட்டையும் அழுத்தம் தருகின்றன. நாம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் உடம்பே ஓர் இஸ்திரிப் பெட்டியாக இருந்து, துணியைத் தப்பான வடிவத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறது. இரவில் நான் பட்ட பாட்டைக் காலையில் என் முதுகே அழித்துக்கொண்டிருந்தது என்று புரிந்தபோது, மேலும் நன்றாகத் தேய்ப்பது தீர்வாகாது, வேறு துணி வேண்டும் என்பதும் புரிந்தது.

வேறு துணி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாலியஸ்டர். 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டெனன்ட் டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய இழை அது. வழக்கமான காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூடப் பிடிக்காது. ஈரம் உள்ளே போகாததால் சங்கிலிகள் இடம் மாறுவதில்லை. கசக்கினாலும் இழை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அதே காரணத்தால் வியர்வையும் உள்ளே போக வழியில்லாமல் தோலில் நின்றுவிடும். தூய பாலியஸ்டர் சட்டையில் பன்னிரண்டு மணி நேரம் வார்டில் ஓடியவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். உடம்பின் எண்ணெய்ப் பசையை அந்த இழை விடாமல் பிடித்துக்கொள்வதால், துவைத்தபின்னும் அக்குள் பகுதியில் வாடை தங்குவதுண்டு. நோயாளியின் மீது குனிந்து மார்பைப் பரிசோதிக்கும் வேலைக்கு அது ஏற்றதல்ல.

ஆகவே கலப்புத் துணி. நான் பார்த்தவரை, தினசரி வார்டுக்குச் சரிபாதிக்குக் கொஞ்சம் இப்படியோ அப்படியோ இருக்கும் பருத்தி–பாலியஸ்டர் கலவையை மிஞ்சியது எதுவும் இல்லை. பருத்தி 60, பாலியஸ்டர் 40 என்றால் உடம்புக்கு இதம். பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்றால் கசங்குவது இன்னும் குறைவு, காய்வதும் வேகம். அதிகம் வியர்ப்பவர்கள் முதலாவதையும், துவைத்து மாட்ட ஓர் இரவு மட்டுமே கிடைப்பவர்கள் இரண்டாவதையும் எடுக்கலாம். லினன் அழகான துணி. ஆனால் கசங்குவதில் அதற்கு ஈடு கிடையாது. சாதாரண ரேயான் தொட்டால் பட்டுப்போல் வழுக்கும். கடையில் தொங்கும்போது மனதை இழுக்கும். அணிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மடியெல்லாம் வரி விழும். நனைந்தால் வலுவும் குறைந்துவிடும். இந்த இரண்டையும் விடுமுறை நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இழையைப் பார்ப்பவர்கள்கூட நெசவைப் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆனது. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் எளிய நெசவில் நூல்கள் நெருக்கமாகப் பூட்டிக்கொண்டிருக்கும். மடிந்தால் நகர இடமில்லாமல் அந்த இடத்திலேயே முறிந்து நிற்கும். ட்வில் நெசவில் ஒரு நூல் இரண்டு மூன்று நூல்களைத் தாண்டி மிதந்து போவதால், மடிந்த இடத்திலிருந்து நழுவித் திரும்பக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாய்வான மெல்லிய வரிகள் ஓடினால் அது ட்வில். ஒரே கலவை, ஒரே எடை என்றாலும் ட்வில் சட்டை மாலை வரை தாக்குப்பிடிக்கும். நெசவே இல்லாத, வளையம் வளையமாகக் கோத்துப் பின்னிய துணிகள் இன்னும் மேல். டி-ஷர்ட்டை யாரும் தேய்ப்பதில்லை என்பதன் ரகசியம் அந்த வளையங்கள்தான். அதே பின்னலை இருமடங்கு தடிமனாகச் செய்தால் பான்டே என்ற துணி கிடைக்கும். பார்வைக்கு நெய்த பேன்ட் துணி போலவே இருக்கும். சுருட்டிப் பையில் போட்டு எடுத்தாலும் வரி விழாது. நான் இன்றும் அணிகிற கருநீல பேன்ட் அந்தத் துணியில் தைத்தது. பின்னல் துணியில் முழங்கால் பகுதி தொய்வதும், உரசும் இடங்களில் சின்னச் சின்ன உருண்டைகள் பிடிப்பதும் உண்டு. அவற்றை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

"இஸ்திரி தேவையில்லை" என்று அட்டையில் எழுதி விற்கும் தூய பருத்திச் சட்டைகளைப் பற்றித் தங்கை குறிப்பாகக் கேட்டாள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 55 காப்புரிமைகள் பெற்றவர். தன் 97-ஆம் வயதில் 2013-இல் மறைந்தார். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே சிறிய மூலக்கூறுகளை ஏணிப்படி போலக் குறுக்கே கட்டிவிட்டால், ஈரம் பட்டாலும் சங்கிலிகள் நழுவ முடியாது. துணி தட்டையாகவே உலரும். இந்தக் குறுக்குப் பிணைப்புதான் இஸ்திரி வேண்டாத பருத்தியின் அடிப்படை. துவைத்து மாட்டும் பருத்தி, செயற்கை இழைகளோடு போட்டியிட்டு நின்றதில் பெனரிட்டோவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு நாளும் இஸ்திரிப் பெட்டியின் முன் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. அந்த வேலையைக் குறைக்க ஒரு பெண்ணின் வேதியியல் உதவியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சங்கிலிகள் நழுவ முடியாத துணி, இழுவைக்கு வளைந்துகொடுக்கவும் முடியாது. ஆகவே காலர் விளிம்பும் மணிக்கட்டு விளிம்பும் சாதாரணப் பருத்தியைவிடச் சீக்கிரம் நைந்துபோகும். துணிக்கு இப்படி இஸ்திரி வேண்டாத பதம் போடப் பயன்படும் பிசின்கள் பலவற்றில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு தங்கிவிடும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கழுத்து, அக்குள், தொடை போன்ற உரசும் இடங்களில் அரிப்பும் தடிப்பும் வரலாம். புதுச் சட்டையைத் துவைக்காமல் அணியாதீர்கள். துவைத்தபின்னும் அரித்தால் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தோல்நோய் வார்டில், புதுப் பேன்ட் வாங்கிய கையோடு தொடைகளில் தடிப்பு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காரணம் கண்டுபிடிக்க மூன்று முறை வர வேண்டியிருந்தது.

கடைக்குப் போகிறவர்களுக்கு என் முதல் பரிசோதனை கைமுட்டிதான். சட்டையின் கீழ் ஓரத்தை உள்ளங்கையில் சுருட்டி இறுக்கிப் பிடித்து, முப்பது வரை எண்ணிவிட்டு விடுங்கள். உள்ளங்கையின் சூடும் ஈரமும் சேர்வதால் இது நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்வதற்குச் சமமான சோதனை என்பது என் அனுபவம். கூர்மையான வரிகள் நின்றால் திரும்ப மாட்டிவிடுங்கள். மெல்லிய அலைகள் மட்டும் தெரிந்து, ஒரு நிமிடத்தில் அவையும் தளர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். அணிந்து பார்க்கும் அறையில் நேராக நின்று கண்ணாடியைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வார்டில் நாம் அப்படி நிற்பதே இல்லை. குந்தி உட்காருங்கள்; தரையில் மண்டியிட்டு, நெஞ்சழுத்தம் கொடுப்பதுபோல் இரு கைகளையும் கோத்து முன்னால் சாயுங்கள்; கட்டிலின் மறுபக்கம் இருக்கும் கையை எட்டிப் பிடிப்பதுபோல் குனியுங்கள். பொத்தான்களுக்கு இடையே சட்டை திறக்கிறதா, பின்புறம் மேலேறுகிறதா, தொடையில் தையல் இழுக்கிறதா என்று பாருங்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடை எந்தத் துணியானாலும் கசங்கும், ஏனென்றால் அழுத்தம் அங்கே ஓய்வதே இல்லை. விரலகலம் தளர்வு இருந்தால் பாதிச் சுருக்கம் விழாது.

கைகளைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: அரைக்கை. 2007-இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை வெளியிட்ட உடை வழிகாட்டுதல், நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிபவர்களின் முழங்கைக்குக் கீழே துணியும் கைக்கடிகாரமும் இருக்கக்கூடாது என்றது. மணிக்கட்டு வரை கையைக் கழுவ வேண்டுமானால் மணிக்கட்டு திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எந்த ஊரில் படித்தாலும் இந்தக் காரணம் செல்லும். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொள்ளலாமே என்பார்கள். மடித்த கை நழுவி இறங்கிக்கொண்டே இருக்கும், இறக்கும்போது அந்த வரி ஆழமாக நிற்கும். அரைக்கை இரண்டு தொல்லைகளையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது. அதே வழிகாட்டுதல் கழுத்தில் கட்டும் டைகளையும் வேண்டாம் என்றது. குனியும்போது நோயாளியின் மேலும் படுக்கையின் மேலும் படுவது அது, துவைக்கப்படுவதோ மிக அரிது. கழுத்திலிருந்து தொங்கும் எந்தத் துணிக்கும் இது பொருந்தும்.

கிருமிகளைப் பேசாமல் மருத்துவமனை உடையைப் பேச முடியாது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைத் துணிகளின் மீதும் பிளாஸ்டிக்கின் மீதும் வைக்கப்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ், என்டிரோகாக்கஸ் கிருமிகள் எல்லாமே குறைந்தது ஒரு நாளாவது உயிரோடிருந்தன. சில 90 நாட்களையும் தாண்டின. ஆகவே "இன்று கசங்கவில்லையே, நாளையும் அணியலாம்" என்ற எண்ணம்தான் கசங்காத உடையின் பெரிய ஆபத்து. பார்வைக்குப் புதிதாக இருப்பதால் அழுக்கு மறந்துபோகிறது. எளிதில் கசங்கும் பருத்தி நம்மைத் துவைக்கவாவது வைத்தது. வார்டில் அணிந்த சட்டை அன்றிரவே துவைக்கும் கூடைக்குப் போக வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எத்தனை சூட்டில் துவைப்பது என்ற கேள்விக்கு விடை, கழுத்துக்கடியிலோ பக்கத் தையலிலோ தைத்திருக்கும் சின்னச் சீட்டில் இருக்கிறது. தொட்டிச் சின்னத்துக்குள் இருக்கும் எண், அந்தத் துணி தாங்கும் அதிகபட்ச வெப்பநிலை. 60 டிகிரியில் பத்து நிமிடம் துவைத்தால் பெரும்பாலான நுண்ணுயிர்கள் போய்விடும் என்பது இங்கிலாந்து மருத்துவச் சேவையின் நிலைப்பாடு. ஆகவே சட்டையும் வெள்ளைக் கோட்டும் 60 என்று போட்டிருப்பவையாகத் தேடி வாங்குங்கள். பருத்தி–பாலியஸ்டர் கலவைகளில் இது கிடைக்கும். நீட்சிக்காக எலாஸ்டேன் கலந்த பேன்ட்டுகளில் பெரும்பாலும் 40 என்றுதான் இருக்கும். அந்த இழை சூட்டுக்கும் குளோரின் ப்ளீச்சுக்கும் சீக்கிரம் தளர்ந்து, இடுப்பிலும் முழங்காலிலும் தொய்ந்துபோகும். இரண்டு முதல் ஐந்து விழுக்காடு எலாஸ்டேன் பேன்ட்டுக்கு நல்லது. குந்தவும் எழவும் அது இல்லாமல் சிரமம். அதற்கு மேல் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டிச் சின்னத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால், சலவை இயந்திரத்தில் மென்மையான சுழற்சி மட்டுமே வைக்க வேண்டும் என்று பொருள்.

அந்த மென்மையான சுழற்சியில்தான் கசங்காமையின் பாதி இருக்கிறது. பாலியஸ்டர் ஏறத்தாழ 70, 80 டிகிரியில் நெகிழத் தொடங்கும். அந்தச் சூட்டில் நசுங்கிய நிலையில் குளிர்ந்தால், விழும் வரி பிறகு எளிதில் போகாது. ஆகவே சூடான துணிக் குவியலை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் படிக்கப் போகாதீர்கள். நான் செய்வது இது: தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, வேகமான பிழிதலை வைப்பதில்லை, நின்றதும் எடுத்து, தோள் தையலைப் பிடித்து இரண்டு முறை பலமாக உதறி, நீர் சொட்டச் சொட்ட ஹேங்கரில் மாட்டுகிறேன். மேல் பொத்தானைப் போட்டு, காலரையும் பொத்தான் பட்டையையும் விரலால் நீவி விடுகிறேன். தண்ணீரின் எடையே துணியைக் கீழே இழுத்து நேராக்கிவிடும். ஒரு சட்டைக்கு அரை நிமிடம். வாரத்தின் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிலாக நான் செலவழிப்பது இந்த மூன்று நிமிடங்களைத்தான்.

வெள்ளைக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலவையில் ட்வில் கோட்டு எடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று தோளில் இருக்க வேண்டும். பையில் எடுத்துச்செல்லும்போது ஒரு தோளை உள்புறமாகத் திருப்பி மற்றத் தோளுக்குள் பொருத்தி, நீளவாக்கில் மடித்துச் சுருட்டினால் முதுகில் குறுக்கு வரி விழாது. வெளிப்புறம் உள்ளே போய்விடுவதால் மற்றப் பொருட்களிலும் படாது. தனிப் பையில் வைப்பது இன்னும் நல்லது.

பேன்ட் பைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்களுக்கென்று விற்கும் பேன்ட்டுகள் பலவற்றில் பை என்ற பெயரில் ஒரு தையல் வரி மட்டும் இருக்கிறது, அல்லது நான்கு விரல் ஆழத்துக்கு ஏதோ ஒன்று. ஒரு டார்ச், ஒரு குறிப்பேடு, முழங்காலில் தட்டிப் பார்க்கும் தசைநாண் சுத்தி, கைப்பேசி, இரண்டு பேனா எங்கே போகும்? கோட்டுப் பையில் திணித்தால் கோட்டு ஒரு பக்கம் இழுத்துத் தொங்கி, அந்த இழுவையே வரிகளை உண்டாக்குகிறது. ஆண்கள் பிரிவில் தேடி எடுத்து இடுப்பைக் குறுக்கித் தைத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு, நானும் செய்திருக்கிறேன். தையல்காரரிடம் கொடுத்து ஆழமான பை வைத்துக்கொள்வதும் நல்ல வழி. வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பை வேண்டும் என்பதை இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது?

நிறத்தில் கவனிக்க வேண்டியது நிழல். சுருக்கம் கண்ணுக்குத் தெரிவது, மேடும் பள்ளமும் நிழல் தருவதால்தான். ஒரே நிறமாக, வழுவழுப்பாக இருக்கும் துணியில் ஒவ்வொரு நிழலும் தனித்துத் தெரியும். நெருக்கமான சின்னக் கட்டம், மெல்லிய கோடு, சொரசொரப்பான மேற்பரப்பு ஆகியவற்றில் நிழல்கள் கலந்து மறைந்துவிடும். நடுத்தர நீலம், பச்சை கலந்த சாம்பல் போன்றவை சட்டைக்கு உதவும். ஆனால் வெளிர் சாம்பல் வியர்வையை உடனே காட்டிக்கொடுக்கும். பேன்ட்டுக்குக் கருநீலம். கறுப்பு எல்லாத் தூசியையும் பஞ்சையும் ஏந்திக் காட்டும்.

கறைகளில் நான் கற்றதெல்லாம் சட்டைகளை இழந்து கற்றவை. இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர், உடனே. வெந்நீர் பட்டால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிவிடும். பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியின் பழுப்புக் கறைக்கு வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துத் தடவினால், அயோடின் நிறமற்ற அயோடைடாக மாறி, கண்முன்னே கறை மறைவதைப் பார்க்கலாம். பால்பாயின்ட் பேனா மைக்குச் ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு திரவத்தைக் கீழே ஒரு துணி வைத்து ஒற்றுங்கள், தேய்த்தால் பரவும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பட்ட கோட்டில் குளோரின் ப்ளீச்சை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பழுப்புக் கறையை உண்டாக்கும். அது போகவே போகாது. என் முதல் கோட்டு அப்படித்தான் போனது. இஸ்திரி வேண்டாத பதம் போட்ட சில பருத்திகளும் குளோரினைப் பிடித்துவைத்து மஞ்சளாகும் என்பதால், ப்ளீச் புட்டியை அலமாரியின் பின்வரிசைக்கே அனுப்பிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஒரு மேல்கோட்டு வேண்டுமென்றால், கம்பளி கலந்ததைத் தேடுங்கள். கம்பளி இழை இயல்பிலேயே சுருள் வில் போன்றது. குளியலறை நீராவியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் பெரும்பாலான வரிகள் தாமே தளர்ந்துவிடும். காலணியில், முன்பகுதி மூடியிருக்க வேண்டும், துடைத்தால் சுத்தமாக வேண்டும், பத்து மணி நேரம் நிற்க முடிய வேண்டும்.

நான் கடைசியில் வந்து நின்றது ஐந்து சட்டை, மூன்று பேன்ட், இரண்டு கோட்டு. சட்டைகள் ஐந்தும் ஒரே துணி, ஒரே தையல், இரண்டே நிறங்கள். காலையில் இருட்டில் கையை நீட்டி எதை எடுத்தாலும் எதனோடும் பொருந்தும். ஒரே மாதிரி உடுத்துகிறாய் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் 4,062 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவரின் உடை தங்களுக்கு முக்கியம் என்று சொன்னவர்கள் 53 விழுக்காட்டினர். படுக்கையில் கிடந்து நம்மை அண்ணாந்து பார்ப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படி நினைக்கும்போது அதை மதிக்க வேண்டும். ஆனால் நம்மைப் பயிற்றுவிப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. உடைக் கட்டுப்பாட்டைப் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுக்கும் கல்லூரிகள், எந்தத் துணி வாங்கினால் அந்தக் கட்டுப்பாட்டைக் குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் காப்பாற்றலாம் என்று ஒரு பக்கம் சேர்த்துக் கொடுக்கக் கூடாதா? இன்று என் வார்டுக்கு வரும் மாணவர்களில் யாராவது கசங்கிய சட்டையோடு நின்றால், ரவுண்ட்ஸ் முடிந்தபின் தனியாக அழைத்து, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். துணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்கை கடையிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். சட்டைக்குள் தைத்த சீட்டு: பருத்தி 60, பாலியஸ்டர் 40, தொட்டிக்குள் 60, கீழே கோடு இல்லை. அடுத்த படத்தில் அவள் கைமுட்டிக்குள் சட்டை ஓரம். "எத்தனை எண்ண வேண்டும் என்றாய்?" என்று கேட்டிருந்தாள். முப்பது என்று பதில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது படம் வந்தது: மேசைமேல் அதே சட்டை ஓரம், மெல்லிய அலை ஒன்றிரண்டு. "அரைக்கையில் இது இல்லையாம் அக்கா. முழுக்கை வாங்கி வெட்டித் தைத்துக்கொள்ளட்டுமா?" வெட்டு என்றேன்.